தாயத்துக்கும் மாத்திரைக்கும் நடுவே

காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடுகிறோம். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக் கொள்கிறோம். கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக் கொண்டு, அந்தக் கட்டோடு பள்ளிவாசலுக்கும் வந்து நாற்காலியில் அமர்ந்து தொழுகிறோம். பார்த்தவர்கள் நலம் விசாரிக்கிறார்கள், துஆச் செய்கிறார்கள். ஆனால், மனம் முறிந்தால் மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக் கொள்கிறோம். பிள்ளைக்கு என்ன என்று கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறான் என்கிறோம். மகளுக்கு என்ன என்று கேட்டால், தலைவலி என்கிறோம். அந்தத் தலைவலி ஆறு மாதமாகவா இருக்கும் என்று கேட்பவருக்கு நம்மிடம் விடை இல்லை.

மனநோயைப் பற்றி நம் சமுதாயம் பேசுவதில்லை. பேசினாலும் இரண்டே இடங்களைத்தான் அது அறியும். ஒன்று, தாயத்துக் கட்டுபவரின் திண்ணை. மற்றொன்று, மாத்திரை எழுதித் தருபவரின் அறை. முதலாமவர் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லுகிறார், நோயை அறியார். இரண்டாமவர் நோயை அறிவார், நோயாளியை அறியார். இந்த இருவருக்கும் நடுவே கிடந்து தவிக்கும் ஆயிரக்கணக்கான நம் குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகிறோம். இரு தரப்பாருக்கும் இது கசக்கும். கசக்கட்டும்; மருந்தும் கசக்கத்தான் செய்கிறது.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லி விடுவோம்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. மற்றவர்களைப் போல் எழுந்து ஓட அங்கிருந்தவர்களால் இயலவில்லை. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் மாண்டன. பல மதத்தினர், பல ஊரினர். மகான் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் அவர்கள் அடங்கியிருக்கும் தர்காவை நாடி, குணம் வேண்டி, தங்கள் மக்களை அங்கே கொண்டு வந்து விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

தீயை மூட்டியது தர்கா அன்று. சங்கிலியை மாட்டியதும் மார்க்கம் அன்று. ஆனால், அந்தச் சங்கிலியை நாம் ஆண்டாண்டு காலம் கண்ணால் கண்டோம். கண்டும், அதனைப் பக்தியின் ஓர் அங்கம் என்று எண்ணிக் கடந்து போனோம். நாடு விழித்தது, நீதிமன்றம் தானே முன்வந்து வினவியது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடுத்து விட்டது. இரும்புச் சங்கிலி போயிற்று. வெட்கம் என்னும் சங்கிலி போயிற்றா?

ஈமான் உள்ளவனுக்கு மனநோய் வராது என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். இதைவிடக் கொடிய சொல் வேறில்லை. மகனை இழந்த துக்கத்தால் ஹஜ்ரத் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று இறைமறை கூறுகிறதே, அவர்களுக்கு ஈமான் குறைவா? பேறுகால வேதனையில் தனியே தவித்த மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று அரற்றினார்கள். அதற்கு இறைவன் கடிந்துரைத்தானா? இல்லை. காலடியில் நீரோடையைத் தந்தான். பேரீச்ச மரத்திலிருந்து கனியைத் தந்தான். கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் தந்தான். மனம் ஒடிந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? கதீஜா நாயகியாரையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டினைத் துயர ஆண்டு என்றே நம் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. துயரத்துக்குப் பெயரிட்டு அதை மறைக்காமல் எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை எடுத்துக் கொள்வோம். ஹிஜ்ரி 488, அதாவது 1095ஆம் ஆண்டு, பகுதாது நகரின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் பாடம் நடத்திக் கொண்டிருந்த அப்பேரறிஞரின் நா ஒரு நாள் கட்டுண்டு போயிற்று. பேச இயலவில்லை, உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்து, இது உடலில் தோன்றிய நோயன்று, உள்ளத்தில் தோன்றி உடலைப் பற்றிய நோய் என்று கைவிரித்தனர். இதனை இமாம் அவர்களே தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் ஒருவர் தம் மன நோவை எழுதி வைக்க வெட்கப்படவில்லை. நாம் நம் பிள்ளையின் நோவை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படுகிறோம்!

அவருக்கும் முன்பே, கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல் பல்கீ என்பார், உடலுக்கும் உள்ளத்துக்குமான நலன்களைச் சேர்த்து ஒரு நூல் இயற்றினார். உள்ளத்தை வருத்துவனவற்றைச் சினம், அச்சம், துயரம், ஓயாது வந்து மோதும் எண்ணங்கள் என்று வகைப்படுத்தினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றி உடலிலிருந்தே எழும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். உடலை மட்டும் பார்க்கும் மருத்துவரைக் குறை கூறினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சிந்தித்த மரபின் வாரிசுகள், இன்று மன அழுத்தம் கண்ட பெண்ணுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று கூறி அவளை அடிக்கிறவனிடம் பணம் கொடுத்து விட்டு வருகிறார்கள் என்றால், அந்த மரபை நாம் எங்கே தொலைத்தோம்?

ஓதிப் பார்ப்பதை நாம் பழிக்கவில்லை. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து ஓதுவது நம் வழிமுறை. அது நெஞ்சுக்கு இதம். ஆனால், ஒட்டகத்தைக் கட்டி விட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத், கட்ட வேண்டியதைக் கட்டாமல் இருக்கலாமா? துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும். பெரும் விபத்துக்குப் பின் ஏர்வாடித் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவம் இடம் பெற்றது. குஜராத் மாநிலம் உனாவாவில் மீரா தாத்தார் தர்காவில் 2008ஆம் ஆண்டிலிருந்து இவ்விரண்டையும் இணைத்து ஒரு திட்டம் நடந்து வந்திருக்கிறது. முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். தர்காவாலேயே முடிகிறதென்றால் நம் பள்ளிவாசல்களால் முடியாதா?

இனி, மறுதரப்பாருக்கு வருவோம்.

அடையாற்றின் நிழற்சாலைகளிலும், தியாகராய நகரின் மாடிக் கட்டடங்களிலும், மயிலாப்பூரின் உள்தெருக்களிலும் இன்று உளவியல் ஆலோசகர்களின் பெயர்ப் பலகைகள் பெருகியிருக்கின்றன. மகிழ்ச்சியே. மனநல மருத்துவம் என்றால் கீழ்ப்பாக்கம் என்றும், கீழ்ப்பாக்கம் என்றால் ஏச்சு என்றும் இருந்த நகரம் இது. 1794இல் தோன்றிய அந்த மருத்துவமனையின் வரலாற்றையே ஒரு வசைச் சொல்லாகச் சுருக்கி விட்டோம். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்து, பின்னர் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் சாரதா மேனன் போன்றோர் பாடுபட்டதனால்தான் இன்று சிகிச்சை என்ற சொல்லை நாம் உரக்கச் சொல்ல முடிகிறது. அவர்களுக்கு நாம் நன்றிக் கடன் பட்டவர்கள்.

ஆனால், அந்த மாடிப்படிகளில் ஏறிச் சென்ற நம் மக்கள் திரும்பி வந்து சொல்லும் செய்தி என்ன?

மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்கு அருகே வாழும் ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அவ்வீட்டு மகளுக்கு வயது பத்தொன்பது. ஒளூச் செய்யப் போனால் முக்கால் மணி நேரம். கை நனைந்ததா, முழங்கை விடுபட்டதா, நிய்யத்து வைத்தோமா என்று ஓயாத ஐயம். விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்தது. வீட்டார் முதலில் ஓதுகிறவர் ஒருவரிடம் கொண்டு சென்றார்கள். ஷைத்தானின் ஊசாட்டம் என்றார். இன்னும் அதிகமாகத் தொழு என்றார். அவள் இன்னும் அதிகமாகக் கழுவினாள். பிறகு ஓர் ஆலோசகரிடம் சென்றார்கள். அவர் இரண்டாவது சந்திப்பில், ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவச் சொல்லும் மதத்தில் பிறந்தால் இப்படித்தான் ஆகும், சில காலம் தொழுகையை விட்டு விடு, தலையில் போட்டிருப்பதையும் எடுத்து விடு, மனம் இலேசாகும் என்றார். அவள் அன்றோடு அங்கே போவதை நிறுத்தி விட்டாள். அந்த வீட்டுத் தாய், "எம் புள்ளைக்கு நோய்தான் போவணும்னு கேட்டேன், தீனைப் போக்கச் சொல்லலியே" என்று நம்மிடம் அழுதார்.

இங்கே என்ன நடந்தது என்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வந்தது மருத்துவம் நன்கறிந்த நோய். நம் முன்னோர் வஸ்வாஸ் என்று பெயரிட்டு அறிந்திருந்த நிலைக்கு மிக நெருக்கமானது. ஐயத்தைத் தூண்டும் செயலை எதிர்கொள்ளச் செய்து, மீண்டும் கழுவும் உந்துதலுக்கு இடங்கொடாமல் சிறுகச் சிறுகப் பழக்குவதே அதற்கான உளவியல் சிகிச்சை. ஐயத்தைக் கொண்டு உறுதியை அகற்ற முடியாது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதி. வஸ்வாஸ் உடையவர் தம் ஐயத்தைப் பொருட்படுத்தலாகாது என்பது நம் சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. சிகிச்சை சொல்வதும் சட்டம் சொல்வதும் ஒன்றே! ஒரு முறை கழுவு, எழுந்து போ, திரும்பிப் பார்க்காதே. இதனை அறிந்த மருத்துவர் ஒருவர் கிடைத்திருந்தால், மார்க்கத்தையே மருந்தின் துணையாக்கியிருப்பார். அறியாதவர் கையில் மார்க்கம் நோயாகி விட்டது.

மருத்துவர்கள் நம்மிடம் ஒன்று கேட்பார்கள். நோய்க்கு மதம் உண்டா? மூளைக்குச் சாதி உண்டா? காச நோய்க்கு எல்லாருக்கும் ஒரே மருந்துதானே? கேள்வி நியாயம் போலத் தோன்றும். நோய்க்கு மதம் இல்லைதான். ஆனால், உள மருத்துவத்தின் கருவி கத்தியன்று, ஊசியன்று, பேச்சு. பேச்சுக்கு ஊர் உண்டு, வீடு உண்டு, வழக்கு உண்டு. "ஈரக்குலை நடுங்குது" என்று ஓர் உம்மா சொல்லும்போது, அதனைக் கல்லீரல் கோளாறு என்று எழுதிக் கொள்பவரால் என்ன செய்ய முடியும்? கணவனை இழந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவளின் தனிமையை நோய் என்று கருதினால் ஒரு பிழை; இத்தாதானே என்று எண்ணி, அதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையான நோயைக் காணாது விட்டால் அதனினும் பெரிய பிழை. இவ்விரண்டையும் பிரித்தறிய இத்தா என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா?

ரமலான் வருகிறது. லித்தியம் உட்கொள்பவர் நோன்பு வைக்கிறார். உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகக் கூடும். மருத்துவர் நோன்பைப் பற்றிக் கேட்கவில்லை, நோயாளி சொல்லவில்லை. வேறொருவர் பகல் மாத்திரையை மௌனமாக நிறுத்தி விடுகிறார்; பெருநாள் முடிவதற்குள் நோய் திரும்பி விடுகிறது. காப்ஸ்யூல் உறையில் என்ன இருக்கிறதோ என்று ஐயுற்று மருந்தைத் தொடாதவர்களும் உண்டு. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் தந்திருக்கும் சலுகையையும், சஹர், இஃப்தார் வேளைக்கு மாற்றக் கூடிய மருந்துகளையும் பற்றிப் பேசியிருக்கலாம். கேட்கப்படாத கேள்விகளே நம் மக்களைக் கெடுக்கின்றன.

இது நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்த குறையன்று. 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனைக்குப் பணியேற்று வந்தார் பிரான்ஸ் ஃபனான் என்னும் கறுப்பின மருத்துவர். ஐரோப்பியப் பெண்கள் பகுதியில் கூட்டங்கள், நாடகங்கள், கைவேலைகள் முதலியவற்றால் நல்ல பலன் கண்டார். அதே முறைகளை முஸ்லிம் ஆண்கள் பகுதியில் கையாண்டபோது முற்றிலும் தோற்றார். நோயாளிகளைக் குறை கூறாமல் அவர் தம்மையே கேள்வி கேட்டுக் கொண்டார். அவர்களுடைய மொழியும் வாழ்வும் தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக் கொண்டு, 1954இல் தம் உடன் பணியாளருடன் அதனை எழுதியும் வெளியிட்டார். பிறகு அம்மக்கள் பழகிய காப்பிக் கடை மருத்துவமனைக்குள் வந்தது, பெருநாள்கள் கொண்டாடப்பட்டன, கதை சொல்லி ஒருவர் அழைக்கப்பட்டார். ஃபனான் முஸ்லிம் அல்லர். அரபியும் அறியார். ஆயினும், அறியாததை அறியாதது என்று ஒப்புக் கொண்டார். நாம் நம் மருத்துவர்களிடம் வேண்டுவது அந்த ஒப்புதலைத்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பிலேயே, நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் முறை இடம் பெற்றிருக்கிறது. உங்கள் துன்பத்தை நீங்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள், உங்கள் வீட்டார் அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள், நம் இருவர் பின்னணியும் வேறுபடுவதால் புரிதலில் குறை நேரும் என்று அஞ்சுகிறீர்களா என்ற போக்கில் அக்கேள்விகள் அமைந்தவை. மேனாட்டு நூலை மேசை மேல் வைத்திருப்பவர்கள், அந்தப் பக்கங்களை மட்டும் புரட்டாமல் விடுவது ஏன்?

தியாகராய நகருக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் போகும் நம் குடும்பங்கள் நடக்கும் சாலைக்கு உஸ்மான் சாலை என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் சர் முகம்மது உஸ்மான். சென்னை அரசு 1921இல் அமைத்த நாட்டு மருத்துவ முறைகள் பற்றிய குழுவுக்கு அவரே தலைவர். மருத்துவர்கள் தத்தம் மொழியில் விடை கூறும்படி தமிழ், உருது, வடமொழி முதலியவற்றிலும் கேள்விகள் அனுப்பப்பட்டன. 1923இல் அறிக்கை வந்தது. அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் பள்ளி சென்னையில் எழுந்தது. மருத்துவம் மக்களின் மொழியிலும் மரபிலும் வேர் கொண்டிருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் தலைமை தாங்கியவர் நம்மவர். அவர் பெயர் தாங்கிய சாலையில் நாம் சேலையை மட்டும் வாங்கித் திரும்புகிறோம்.

அப்படியானால் முஸ்லிம் நோயாளிக்கு முஸ்லிம் மருத்துவர்தான் வேண்டுமா? இல்லை என்று அழுத்தமாகக் கூறுகிறோம். பெயரைப் பார்த்து மருத்துவரைத் தேர்பவர் ஏமாந்து போவதும் உண்டு. தொப்பி அணிந்தவர் என்பதால் ஒருவர் நம் மனத்தை அறிந்தவராகி விட மாட்டார். மணவிலக்குக் கேட்க எண்ணும் பெண்ணை, நோயாளியாகப் பார்க்காமல் குற்றவாளியாகப் பார்த்துப் போதனை செய்பவர் நம்மவரானாலும் நமக்கு வேண்டாம். நம் உறவு வட்டம் சிறியது. இன்று சொன்னது நாளைக் கல்யாணப் பந்தலில் திரும்பி வந்து விடுமோ என்று அஞ்சி, வேண்டுமென்றே வேற்று மதத்தாரை நாடுவோரும் உண்டு. அந்த அச்சமும் நியாயமானதே. நாம் கேட்பது சொந்தக்காரரை அன்று, புரிந்தவரை. கபாலீசுவரர் கோயில் வீதியில் பிறந்தவராயினும், கேட்கும் காதும் கற்கும் பணிவும் உள்ளவரே நமக்கு மருத்துவர்.

ஆகவே, ஆலோசகரைத் தேடும் நம் குடும்பத்தார் கூச்சமின்றிக் கேட்க வேண்டியவை சில உண்டு. உங்கள் படிப்பு என்ன, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். ஆலோசகர் என்று பலகை மாட்டியவரெல்லாம் பயிற்சி பெற்றவர் அல்லர். தமிழிலோ உருதுவிலோ பேசலாமா என்று கேளுங்கள். முஸ்லிம் குடும்பத்தார் முன்பு உங்களிடம் வந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எங்கள் தொழுகையையும் நோன்பையும் பற்றித் தெரியாவிட்டால் எங்களிடமே கேட்பீர்களா என்று கேளுங்கள். நான் சொல்வது என் வீட்டாருக்கும் போகாதல்லவா என்று கேளுங்கள். இவற்றுக்குச் சினம் கொள்பவரை விட்டு எழுந்து வாருங்கள், அடுத்தவரிடம் செல்லுங்கள். ஒரு செருப்புக் கடிக்கிறது என்பதற்காக யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை. ஆனால் ஒன்று, மருந்தை மட்டும் தாமாக நிறுத்தி விடாதீர்கள்.

சமுதாயத்துக்கும் கடமை உண்டு. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் குறையோடு வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் கண்டது. அப்படியாயின், வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவரோ இருவரோ நிற்கிறார்கள். அவர்கள் செவியில் விழும்படி எந்த மிம்பரிலிருந்தாவது ஒரு சொல் வந்ததா? 1951இல் நியூ கல்லூரியையும், 1955இல் எஸ்.ஐ.இ.டி. என்று நம் வீடுகளில் வழங்கும் மகளிர் கல்லூரியையும் எழுப்பிய சமுதாயம் இது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகளை அனுப்பும் நாம், உளவியலுக்கு ஒரு பெண்ணை அனுப்பினால், அதைப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கிறோம். என்ன செய்வாளா? உங்கள் பேத்தி இரத்தம் கசியக் கை கழுவும்போது, அவள் மொழியில் அவளோடு பேசுவாள்!

ஜமாஅத்துகள் தம் கல்வி நிதியிலிருந்து ஆண்டுக்கு ஓரிருவரையேனும் இத்துறைக்கு அனுப்பட்டும். மதரஸாக்கள் ஓதிக் கொடுக்க வருவோரில் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை ஆலிம்களுக்குக் கற்பிக்கட்டும். மனநல மருத்துவர்கள் நம் பள்ளிவாசல்களுக்கு வரட்டும், நாம் அழைப்போம். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் யாருக்கேனும் எழுந்தால், ஹராம் என்று ஒரு சொல்லோடு வாயடைக்காமல், பக்கத்தில் அமருங்கள். 1986 முதல் சென்னையில் ஸ்நேகா அமைப்பு அத்தகையோருக்குச் செவி கொடுத்து வருகிறது. அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சித்தம் கலங்கியவர் தெளிவு பெறும் வரை அவர் மீதிருந்து எழுதுகோலையே உயர்த்தி விட்டான் இறைவன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். இறைவனே கணக்கு எழுதாத ஒருவர் மீது, பழி எழுத நாம் யார்?

கச்சேரி சாலை வீட்டுப் பெண் இன்று வேறொரு மருத்துவரிடம் செல்கிறாள். அவர் முஸ்லிம் அல்லர். முதல் நாளிலேயே, ஒளூ என்றால் என்னம்மா, எனக்குச் செய்து காட்டு என்று கேட்டாராம். அவள் செய்து காட்டினாளாம், ஒரே ஒரு முறை.